டிராம் பலகையில் இருக்கும் கரி

போன வாரம் பட்டறையிலிருந்து உங்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். டிராம் பெட்டியின் ஏறுபடிக்கு மேலே ஒரு தேக்குப் பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கருகிக் கிடக்கிறது, புது வர்ணம் பூசுவதற்கு முன்னால் அதை உப்புத்தாளால் தேய்த்துவிடலாமா, இல்லை பலகையையே மாற்றிவிடலாமா என்று கேட்டார். கேட்டதற்கு நன்றி. கேட்காமல் தேய்த்திருந்தால், இந்த முழங்கால் வலியோடு பஸ் பிடித்து வந்து உங்கள் எல்லோரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன்.

தொலைபேசியில் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். டீ வந்ததும் உட்கார்ந்து படியுங்கள்.

மரவேலை மேஸ்திரியாக அந்தப் பட்டறையில் நான் குப்பை கொட்டிய காலமெல்லாம் பழைய வண்டிகளைத்தான் சீர் செய்தேன். குதிரை பூட்டிய சாரட்டு வண்டி, கரி வாயுவில் ஓடிய பஸ், ஜமீன்தார் வீட்டுக் கார் என்று பலதும் என் கை பட்டுத்தான் அரசு அருங்காட்சிக் கூடத்துக்குப் போயின. எல்லாம் நல்ல வேலைகள்தான். ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'இது நான் கொண்டுவந்தது' என்று சொல்வது அந்த டிராமை மட்டும்தான்.

சென்னையில் டிராம் ஓட்டம் நின்றபோது பெட்டிகளை ஏலத்தில் விட்டார்கள். எடுத்தவர்கள் இரும்பை உருக்கினார்கள், மரத்தை அடுப்பில் வைத்தார்கள். சில பெட்டிகள் கோழிக் கூண்டாகவும் காவல்காரர் குடிலாகவும் கொஞ்ச காலம் கிடந்து மக்கிப் போயின. பல வருஷம் கழித்துத்தான் மேலிடத்துக்கு ஞானம் வந்து, கூடத்தில் ஒரு டிராம் வைக்க வேண்டும் என்றார்கள். ஊர் முழுக்கத் தேடினோம். அகப்பட்டதெல்லாம் கையால் தொட்டால் உதிர்கிற உளுத்த சட்டங்கள்.

அப்போது நான்தான் சொன்னேன், கள்ளக்குறிச்சியில் ஒரு டிராம் முழுசாக இருக்கிறது என்று. பட்டறையே சிரித்தது. ரயில்கூடப் போகாத ஊரில் டிராம் ஏதய்யா என்றார்கள்.

என் சொந்த ஊர் நைனார்பாளையம். பள்ளிக்கூடச் சட்டை தைக்க எங்கள் அப்பா என்னைக் கள்ளக்குறிச்சி டிராம் கடைக்குத்தான் கூட்டிப் போவார். அந்தக் கடையை வைத்தவர் வாலிபத்தில் சென்னையில் தையல் வேலை பார்த்தவர். தினமும் டிராமில்தான் வேலைக்குப் போய் வந்தாராம். ஏலம் வந்தபோது ஒரு பெட்டியை எடுத்து, லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, கருங்கல் மேல் உட்கார வைத்துக் கடை போட்டுவிட்டார். இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல். தையல்காரருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஜன்னலுக்கு ஒன்றாக மிஷின்கள் ஓடும். டிராம் ஓட்டுநர் காலால் மிதித்து அடிக்கிற பித்தளை மணியையும் அவர் கழற்றவில்லை. துணி தயாராகிவிட்டால் எதிர் டீக்கடையில் காத்திருப்பவரைக் கூப்பிட ஒரு மிதி, சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு மிதி. சந்தைக்கு வருகிற ஜனங்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். அவருக்குப் பின்னால் கடையை நடத்திய மகனுக்கு டிராம் பாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாங்கள் போனபோது அந்தக் கடைக்கு ஆயுசு முடிகிற நேரம். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், இடத்தைக் காலி செய்தாக வேண்டும். பெட்டியை உடைத்துத் தேக்கை அள்ளிக்கொண்டு போக ஒரு மரக்கடைக்காரர் தயாராக நின்றார். பாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உடைக்க மாட்டீர்களே என்று. ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டேன் என்றேன். அவர் கொடுத்துவிட்டார். பழைய மிஷின் ஒன்றும் பெட்டியோடு போக வேண்டும் என்றார். உளுந்தூர்பேட்டை வரைக்கும் தானும் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து வருவதாகச் சொன்னார்.

"எங்க அத்தா கூட்டியாந்தாரு. நான் வழியனுப்ப வாணாமா?" என்றார்.

லாரிக்கு வெள்ளிமலை அண்ணாமலையைப் பிடித்தேன். கல்வராயன் மலையில் நீள நீள மரங்களை ஏற்றிக்கொண்டு அத்தனை வளைவுகளிலும் இறங்கிப் பழகியவர். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், கயிறு போட வேண்டிய இடங்களைக் கையால் தட்டிக் காட்டினார், பீடி பற்ற வைத்தார். அதற்கப்புறம் பாரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லாமல் போயிற்று.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

அந்த நாளில் நம் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய வண்டி ஒன்றைக் கண்டெடுத்தால், எடுத்த இடத்திலேயே அதன் பக்கவாட்டில் வெள்ளை வர்ணத்தால் 'அரசு உடைமை' என்று பெரிசாக எழுதிவிடுவோம். வழியில் எவனும் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக. பல வண்டிகளை அந்த இரண்டு வார்த்தை காப்பாற்றியிருக்கிறது. டிராமிலும் எழுதினோம். எழுத இடம் வேண்டுமே என்று, மேலே கொக்கியில் தொங்கிய பாயின் தையல் கடைப் பலகையை இறக்கி உள்ளே சாய்த்து வைத்தோம். பாயின் முகம் சுருங்கிவிட்டது. கடைப் பெயரை எடுத்துவிட்டு இன்னாத்துக்கு இம்மாம் பெரிசா எழுதுகிறீர்கள் என்று கேட்டார். எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான் என்றோம்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். அரசு பஸ் என்றாலே கல் விழுந்தது. ஓட்டுநர்கள் வண்டியைச் சந்து பொந்துகளில் ஒளித்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட நேரத்தில் தெருவையே அடைக்கிற ஒரு வண்டியில், கண்ணில்லாதவனுக்கும் தெரிகிற மாதிரி 'அரசு உடைமை' என்று எழுதிக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். எழுதச் சொன்னவர், எழுதியவர், பக்கத்தில் நின்று பார்த்தவர், ஒருவருக்கும் உறைக்கவில்லை. எப்போதும் செய்கிற காரியம் என்பதால் யாரும் யோசிக்கவே இல்லை. வேறு எந்தத் தொழில்காரனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டான்.

மறியல் மறுநாள்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிவிடலாம் என்பது எங்கள் எண்ணம். தியாகதுருகம் வருவதற்கு முன்னாலேயே சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது. அண்ணாமலை பிரேக் போட்டு நிறுத்தினார். பின்னால் போகலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் எங்களுக்குப் பின்னாலேயே இன்னொரு மரம் முறிந்து விழுகிற சத்தம் கேட்டது.

வயலுக்குள்ளிருந்து ஜனங்கள் ஏறி வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக நல்ல கூட்டம். வெள்ளை எழுத்தைத்தான் முதலில் படித்தார்கள். அரசாங்க வண்டி என்று ஒரு குரல் எழுந்தது. கல் வந்து விழுந்தது. நான் கீழே குதித்து, இது பழங்காலப் பொருள், இதற்கு விலையே கிடையாது, இது அழிந்தால் வேறு இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் பிரசங்கத்தை யார் கேட்டார்கள்? மண்ணெண்ணெயில் நனைத்த பந்தம் ஒன்று என் தலைக்கு மேலே பறந்து போய் ஏறுபடி மேடையில் விழுந்தது. தேக்கு உடனே பற்றாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் அதன் மேல் வருஷக்கணக்காகப் பூசிய வார்னிஷ் பற்றும். பற்றியது.

உள்ளே பாய் இருக்கிறார். தேடித் தேடிக் கிடைத்த ஒரே டிராம் எரிகிறது, அதற்குள் என்னை நம்பி ஏறிய மனிதர் இருக்கிறார். அன்றைக்குப் பயந்ததுபோல நான் என்றைக்கும் பயந்ததில்லை.

அப்போது மணி அடித்தது. ணங் ணங் என்று மறுகோடியில் இருந்த ஓட்டுநர் மேடையிலிருந்து அந்தப் பித்தளை மணி ஓயாமல் கேட்டது. பாய் காலால் மிதித்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் அப்படியே நின்றது. கையில் கல்லோடு முன்னால் நின்ற ஒருவர்தான் முதலில் பேசினார்.

"டேய், நில்லுங்கடா. இது டிராம் பாய் கடைடா."

கல்லைப் போட்டார். மறியல்காரர்கள் சாலையோரம் வைத்திருந்த தண்ணீர்ப் பானைக்கு அடியில் கிடந்த ஈரச் சாக்கை உருவிக்கொண்டு ஏறுபடி மேடையில் தாவி ஏறி, அடி அடியென்று அடித்து நெருப்பை அணைத்தார். அவர் பெயர் கோவிந்தன். கூலி வேலை செய்கிறவர். அந்த ஊர்ச் சனத்துக்கு அவர் சொல்தான் சொல். அவர் கல்யாணச் சட்டை அந்த ஜன்னலோரம் தைத்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கீழே இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார். புறங்கையில் தோல் வெந்திருந்தது.

"உள்ள ஒரு மன்சன் குந்தினு இருக்காரு. வெளிய கவர்மெண்டுன்னு எழுதி வச்சிக்கிறீங்க. எங்களை ஆளைக் கொளுத்த வச்சிருப்பீங்களே, மேஸ்திரி," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பதற்றம் கொஞ்சம் தணிந்ததும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நடந்து போய்ப் போலீசைக் கூட்டி வரலாம். வந்தால் தடியடி நடக்கும், கல் பறக்கும், நடுவில் டிராம் நிற்கும். பெட்டியை இங்கேயே விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் தப்பலாம். அப்படி விட்டுப் போவதற்கா வந்தோம்? இதற்குள் கூட்டத்தில் சிலர் பெட்டியை இறக்கிச் சாலைக்குக் குறுக்கே போட்டுவிடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வானம் மூட்டமாக இருந்தது. சாலையோரத்தில் பெண்கள் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்தது. கோவிந்தனிடம் சொன்னேன்: மறியலுக்கு உங்களிடம் மரம் இருக்கிறது, மழைக்கு ஒதுங்க இடம் இல்லை. லாரியை ஓரமாக நிறுத்துகிறோம், பெண்களும் பிள்ளைகளும் டிராமுக்குள் ஏறிக்கொள்ளட்டும், குறுக்கே மட்டும் போட வேண்டாம். அவர் பாயின் முகத்தைப் பார்த்தார். பாய் சரி என்று தலையாட்டினார். நான் முதல் வேலையாகக் கடைப் பலகையை எடுத்துப் பழைய கொக்கியிலேயே மாட்டினேன். வெள்ளை எழுத்து அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. நெருக்கடியில் மாட்டிக்கொண்டால், எதிரே நிற்பவனிடம் இல்லாதது நம்மிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதை முதலில் கொடுங்கள். அப்புறம்தான் நமக்கு வேண்டியதைக் கேட்க வாய் வரும்.

மறியல் முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தோம். மழை கொட்டியது. அத்தனை வருஷம் கழித்து டிராம் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டது. இடம் பிடிக்கப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். பாய் சும்மா இருப்பாரா? மிஷினை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, கிழிந்த சட்டைகளையெல்லாம் வாங்கித் தைத்துக்கொண்டிருந்தார். வீடுகளிலிருந்து கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. எங்கள் மலைக் கேழ்வரகு மாதிரி வராது என்று அண்ணாமலை ஒவ்வொரு வேளையும் குறை சொன்னார், ஒவ்வொரு வேளையும் இரண்டு உருண்டை தின்றார்.

ஒரு சாயங்காலம் கோவிந்தன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாலையோரம் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தது மரக்காரனான எனக்கு வயிற்றெரிச்சல். அதை மறைக்காமல் சொன்னேன்.

"எனுக்கும்தான் எரியுது. எம் பையன் பத்தாவது பாஸு. எங்க வூட்ல எவனும் ஆபீசு நாற்காலில குந்தினதில்ல. அவன் குந்தணும்னுதான் நாங்க ரோட்ல குந்திகினு இருக்கோம்," என்றார்.

அந்தப் போராட்டத்துக்கு நான் தீர்ப்பு எழுத வரவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. மரத்துக்காகப் பட்ட வருத்தமும் அப்படியே இருந்தது.

கடைசியில் போலீஸ் வண்டிகள் வந்தன. மரங்களை இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் டிராமைச் சுற்றி வந்து, கருகிய பலகையைக் கண்டதும் நின்றுவிட்டார். நான் பட்டறை ஆள் என்று தெரிந்துகொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அரசுச் சொத்துக்குத் தீ வைத்திருக்கிறார்கள், யார் என்று காட்டுங்கள், எழுதிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

கோவிந்தன் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். புறங்கையில் துணி சுற்றியிருந்தது. தீப்பட்ட கை உள்ளவர் அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவர்தான். நான் எழுதிக் கொடுத்தால் முதலில் வேனில் ஏறுவது, நெருப்பை அணைத்த மனிதர். அதோடு போகுமா? தீப்பட்ட பெட்டியும் வழக்குச் சொத்து ஆகிவிடும். காவல் நிலைய வாசலில் மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்குகிற வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிராமுக்கும் அந்தக் கதிதான். பொய் சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனசில்லை.

அந்த நேரத்தில் நம் பட்டறையின் இன்னொரு வழக்கம் கை கொடுத்தது. எந்த வண்டியும் நம் வாசலுக்குள் வந்து, பட்டறைத் தலைவரான பெரியவர் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் நம்முடையது. அதுவரைக்கும் கொடுத்தவருடையது. அதனால்தான் வழியில் உடைந்து போனவற்றுக்கு நாம் பொறுப்பேற்பதில்லை. மேலிடம் தன் சௌகரியத்துக்காக வைத்த விதி. அதை நான் அன்றைக்கு என் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

"சார், இது இன்னும் அரசு உடைமை ஆகலை. சென்னைக்கு வந்து சேர்ந்தாத்தான் எங்களுது. இப்ப இது இவரோட கடை," என்றேன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து தையல் கடைப் பலகையைப் படித்தார். ஜன்னலில் மிஷினையும் கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற பாயையும் பார்த்தார். அவரிடம் திரும்பி, உங்கள் கடைக்குத் தீ வைத்தது யார் என்று கேட்டார்.

பாய் அவசரப்படவில்லை.

"எங்கடையில நெருப்பு பட்டுச்சு, உண்மைதான் சார். அணைச்சது இவங்கதான். இவங்க மேல நான் இன்னான்னு எழுதிக் குடுப்பேன்?" என்றார்.

பலகைக்குக் கீழே வெள்ளை எழுத்தின் வால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இன்ஸ்பெக்டர் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மழைக்கு முன்னால் போய்ச் சேருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்புக்குத் திரும்பினார். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

உளுந்தூர்பேட்டையில் பாய் இறங்கினார். இறங்குவதற்கு முன்னால் ஓட்டுநர் மேடைக்குப் போய் மணியை ஒரு மிதி மிதித்தார். துணி தயாராகிவிட்டது என்பதற்கு அந்தக் கடையில் வழக்கமாக அடிக்கிற மணி.

பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் பெரியவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டிய கையோடு, கருகிய பலகையை மாற்றிவிடு என்றார். டிராம் கம்பெனி காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும், கடைப் பலகையும் மிஷினும் கொக்கிகளும் அதில் எதற்கு என்று கேட்டார். அவரோடு நான் போட்ட சண்டை பட்டறையில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. இது சென்னையில் ஓடியது கொஞ்ச காலம், கள்ளக்குறிச்சியில் நின்றதும் அதன் வாழ்க்கைதான், தியாகதுருகம் சாலையில் கிடந்ததும் அதன் வாழ்க்கைதான், அதைச் செதுக்கித் தள்ள எனக்கு உளி வராது என்றேன். கடைசியில் பெரியவர் இறங்கி வந்தார். படிக்கு மேலே இருக்கும் பலகை யார் கண்ணில் படப் போகிறது என்பது அவர் சமாதானம். நம் வாசலுக்குள் வருவதற்கு முன்னால் எந்த வண்டியிலும் 'அரசு உடைமை' என்று எழுதக் கூடாது என்ற வழக்கத்தையும் நான் அப்போதுதான் சண்டை போட்டுக் கொண்டுவந்தேன். ஏன் என்று தெரியாமலே நீங்கள் இன்றைக்கும் அதைக் கடைப்பிடிக்கிறீர்கள்.

டிராமைக் கூடத்தில் வைத்துப் பல வருஷம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராமின் ஜன்னல் சட்டங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். டிராமைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நேராக மணியிடம் ஓடுவார்கள். அன்றைக்கு வந்த ஒரு நரைத்த மனிதர் மட்டும் ஏறுபடியிடம் போய்க் குனிந்தார். புறங்கைத் தழும்பைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. கோவிந்தனோடு அவர் மகனும் மருமகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். மகனுக்குச் சென்னையில் அரசு அலுவலகத்தில் வேலை. நாற்காலி கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். சுத்தற நாற்காலி என்று சொல்லிக் கோவிந்தன் வாய்விட்டுச் சிரித்தார்.

இங்கே ஏன் தாத்தா கருப்பா இருக்கு என்று பேத்தி கேட்டது. எவனோ செய்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"வச்சதும் நாமதான் கண்ணு, அணைச்சதும் நாமதான்," என்றார்.

ஒரு வண்டியைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனவே, தம்பிகளே, உப்புத்தாளை டப்பாவில் போட்டு மூடுங்கள். சுற்றிலும் எவ்வளவு வேண்டுமானாலும் பளபளவென்று பூசுங்கள். அந்தப் பலகைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயில் தோய்த்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, அடுத்த பலகைக்குப் போங்கள்.